மடிக்காத மாஸ்ரர்

ருமேனிய மொழியில் எனக்கு ஒரு முப்பது சொல் தெரியும். ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவர் சொல்லித் தந்தவை. அந்த ஒன்றை நானே தேடிக் கண்டுபிடித்தேன். வினை அதில்தான் வந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைத் தேடிப் போகக்கூடியவர்கள் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் அவரை ‘சேர்’ என்றார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர் என்பதால் நான் ‘தம்பி’ என்றேன். என் மனைவி, அவர் இல்லாத இடத்தில், ‘மடிக்காத மாஸ்ரர்’ என்றாள். அதற்குக் காரணம் இருந்தது.

மானிப்பாயில் எங்கள் வீட்டு முன் ஹோல் அப்போது சும்மா கிடந்தது. அதை நூலகமாக்குவது என் திட்டம். நூலகம் தவிர வேறு எதுவானாலும் சரி என்பது மனைவியின் திட்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவர் வந்து, ருமேனிய மொழி வகுப்பு நடத்த இடம் கிடைக்குமா என்று கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அவள் ஹோலைத் திறந்துவிட்டாள். என் புத்தகங்கள் பின் விறாந்தைக்குப் போயின. அங்கே அவற்றைக் கறையான் வாசித்தது. அதுவும் பாதியில் நிறுத்திவிட்டது. நிறுத்திய இடத்தைப் பார்த்தேன். அது நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு.

ருமேனியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே கட்டட வேலைக்கும் தையல் வேலைக்கும் ஆள் போதாது என்று எங்கள் ஆட்களுக்கு விசா கொடுக்கிறார்கள். முறையான விசா, முறையான வேலை. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ருமேனியாவுக்குப் போகிற எல்லோரும் ருமேனியாவில் இருப்பதற்காகப் போவதில்லை. சித்தப்பா மகன் பாரிசில் இருப்பான், மாமி லண்டனில் இருப்பா. ருமேனியாவிலிருந்து மேற்கே, லொறியின் பின்னால் சாமான்களோடு சாமானாக ஒளித்துப் போகிற பாதை ஒன்று இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதமாதிரி இருப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“ருமேனியா எண்டது ஊரில்லை அத்தான், பஸ் ஸ்ராண்ட்,” என்பான் என் மச்சான். மனைவியின் தம்பி. அரியாலையில் இருந்தவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், மாபிள் பதிக்கிற வேலை. அந்த வகுப்பில் முதல் வரிசையில் இருந்தது அவன்தான்.

“உனக்கு இங்கை வேலை இல்லையோடா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேலைக்கு என்ன குறை. வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்கள் எல்லாம் வீடு கட்டுகினம். நான் மாபிள் பதிக்கிறன். பேந்து பூட்டிப்போட்டுப் போகினம். நான் பதிச்ச தரையிலை ஒருத்தரும் நடந்து நான் பாக்கேல்லை அத்தான். பல்லிதான் நடக்குது.”

நான் எழுதுவதிலும் பல்லிதான் நடக்கிறது என்பதால் அவனுடைய மனவருத்தம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விளங்கியது.

மச்சான் இப்போது ருமேனியாவில்தான் இருக்கிறான். ஏதோ ஒரு பட்டினத்தில் குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். மனைவி முன்பெல்லாம் “சாப்பிட்டியோ” என்று தொடங்குவாள். இப்போது “அங்கைதானே நிக்கிறாய்?” என்றுதான் தொடங்குகிறாள். “ஓம் அக்கா, இப்ப அங்கைதான்” என்கிறான். அந்த ‘இப்ப’வைக் கேட்டபிறகு அவள் அன்றைக்கு ஒழுங்காகச் சமைப்பதில்லை.

மாஸ்ரருக்கு வருகிறேன்.

கொழும்புத்துறை ஆள். கடல்தொழில் செய்கிற குடும்பம். ஐந்து வருடம் ருமேனியாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வெளிநாடு போய்த் திரும்பி வந்தவர்களை எங்கள் ஊரில் இரண்டு வகையாகப் பிரிப்போம்: பிடித்து அனுப்பப்பட்டவர்கள், மூளை பிசகியவர்கள். அவரை யாரும் அனுப்பவில்லை. மூளை நன்றாக இருந்தது. அதனாலேயே அவரைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு சின்னச் சங்கடம்.

முதல் நாள் மழையில் வந்தார். குடையை விரித்தபடியே விறாந்தையில் வைத்தார். வகுப்பு முடியுமுன்னரே மழை விட்டு, வெயில் அடித்து, குடை முறுகக் காய்ந்துவிட்டது. போகும்போது அதை விரித்தபடியே ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். மானிப்பாயிலிருந்து கொழும்புத்துறைக்கு. தெளிந்த வானத்தின் கீழே.

“உதென்ன, குடை சிக்கிட்டுதோ?” என்றாள் மனைவி.

சிக்கவில்லை. அவர் மடிக்கவில்லை, அவ்வளவுதான். போகப் போக மற்றவையும் கண்ணில் பட்டன. சட்டைக் கையை மடிக்கமாட்டார். புழுங்கிச் சாகிற சித்திரையிலும் மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருக்கும். சாரம் கட்டினால் மடித்துக் கட்டவேண்டி வரும் என்றோ என்னவோ, எந்நேரமும் காற்சட்டைதான். பத்திரிகையைப் பலகைபோல முழுசாக விரித்துப் பிடித்து வாசித்துவிட்டு, விரித்தபடியே மேசையில் விட்டுவிடுவார். எங்கள் வீட்டு மேசை சின்னது. பத்திரிகை நான்கு பக்கமும் தொங்கும். மாணவர்களுக்குக் கொடுக்கிற தாள்களைச் சுருட்டித்தான் கொண்டுவருவார்.

என் மனைவியின் சொந்தத்தில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வாழையிலைச் சாப்பாடு. நல்ல காரியத்தில் சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழும்ப வேண்டும். மடித்தால் வயிறு நிறைந்தது, மனமும் நிறைந்தது, சொந்தம் தொடரட்டும் என்று பொருள். மடிக்காமல் இருந்தால் இன்னும் வேண்டும் என்று பொருள். மாஸ்ரர் இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பரிமாறுகிறவர் வந்து சோறு போட்டார். சாப்பிட்டார். மறுபடியும் சும்மா இருந்தார். மறுபடியும் சோறு விழுந்தது. அதையும் சாப்பிட்டார். பந்தி முழுவதும் எழும்பிப் போய்விட்டது.

“தம்பி, இலையை மடியும்,” என்றேன் மெதுவாக.

“ஏலாது அண்ணை.”

வயிறு நிறைந்துவிட்டது, குனிய முடியவில்லை என்று நினைத்தேன். நானே எட்டி மடித்துவிட்டேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அருவருப்பைக் கண்டு திருப்புகிறமாதிரி இல்லை. வீதியில் விபத்து நடக்கும்போது திருப்புகிறமாதிரி.

அன்றைக்கு அது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் அதை ஒரு நல்ல பகிடியாக மனதில் குறித்துவைத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு உலகம் பகிடியாகத்தான் முதலில் வந்து சேர்கிறது.

வகுப்பிலும் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவர் சேர்ந்தால், ருமேனியச் சொல் எதையும் தொடங்குமுன், தமிழில் ஒரு வசனம் சொல்லச் சொல்லுவார். எல்லோருக்கும் ஒரே வசனம்: ‘அண்ணை, கொஞ்சம் இடம் விடுங்கோ.’ சொல்லுகிறவர் சொல்ல, இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு தலையை ஆட்டி, “காணும், இருங்கோ” என்பார். உச்சரிப்புப் பார்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மச்சான் மட்டும் ஒருநாள் கேட்டான்.

“சேர், ருமேனியா படிக்க வந்தனாங்கள். தமிழிலை என்ன சோதனை?”

“குரல் பாக்கிறன்.”

“பாட்டுக் கச்சேரிக்கோ அனுப்பப்போறியள்?”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு அவனிடம், மற்ற எல்லோரிடமும் கேட்கிற அடுத்த கேள்வியைக் கேட்டார்: “உங்கடை ஆக்கள் ஆரும் அந்தப் பாதையாலை போனவையோ? போய்ச் சேர்ந்தவையோ?”

ஊர் விசாரிப்பது எங்களுக்குப் புதிதில்லை. எந்த இடம், யாருடைய பிள்ளை, அண்ணன் எங்கே, தங்கச்சியை எங்கே கட்டிக் கொடுத்தது என்று கேட்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டோம். ஆகவே அந்தக் கேள்வியையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். சேராதவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் இரண்டாவதற்காகக் காத்திருந்தமாதிரி கொஞ்ச நேரம் நிற்பார்.

இன்னொன்றும் இருந்தது. ‘வாறன்’ என்பதற்கு ருமேனிய மொழியில் ‘வின்’ என்று சொல்லித் தந்தார். ‘இருக்கிறன்’, ‘வேலை செய்யிறன்’, ‘குளிருது’, ‘சம்பளம் எப்ப’ எல்லாம் சொல்லித் தந்தார். தையல் வேலைக்குப் போக இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்:

“சேர், போறன் எண்டதுக்கு என்ன?”

“அது தேவையில்லை.”

“வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை சொல்ல வேணுமெல்லே?”

“வின் எண்டு சொல்லுங்கோ. காணும்.”

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நாங்கள் ஓரிடத்திலிருந்து வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொல்லமாட்டோம். சாவு வீட்டில்கூடச் சொல்லாமல்தான் எழும்பி வருவோம். மற்ற எங்கும் ‘போட்டு வாறன்’ அல்லது வெறும் ‘வாறன்’. ‘போறன்’ என்றால் திரும்பி வரமாட்டேன் என்று ஆகிவிடும்.

“இஞ்சாருங்கோ, அந்தத் தாய் எப்பிடி வளர்த்திருக்கிறா பாருங்கோ,” என்றாள் என்னிடம். “வேற்றுப் பாசையிலைகூட அந்தச் சொல்லை எடுக்கமாட்டுது பிள்ளை. நீங்கள் கடைக்குப் போகேக்கையே போறன் போறன் எண்டு கத்திக்கொண்டு போறியள்.”

ஊர் முழுக்க அந்தக் கதை பரவியது. நல்ல பண்பான மாஸ்ரர் என்று வகுப்புக்கு ஆள் கூடியது. தாய்மார் நேரில் வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நாங்கள் எல்லோரும் அப்படி நினைத்தோம். இந்த ஊரில் பிறந்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வேறு ஊர்க்காரன் ஒருவன் இருந்திருந்தால், ஒரு மனிதன் ஏன் ஒரு சொல்லுக்கு இப்படிப் பயப்படுகிறான் என்று கேட்டிருப்பான்.

இனி நான் செய்த திருக்கூத்து.

சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவது எனக்கு ஒரு வியாதி. வகுப்பு நடக்கும்போது பின் கதிரையில் போய் இருந்துவிடுவேன். ருமேனிய மொழியில் பாணுக்கு ‘பிய்னெ’ என்றார். எழும்பினேன். “எங்கடை பாணும் அதுவும் ஒரு வயித்துப் பிள்ளையள்,” என்றேன். போர்த்துக்கேயர் எங்களுக்குப் பாணைக் கொடுத்தார்கள். போர்த்துக்கேயருக்கும் ருமேனியருக்கும் பழைய ரோமாபுரியின் இலத்தீன்தான் தாய். மேசைக்கு ‘மாசெ’ என்றார். மறுபடியும் எழும்பினேன். நானூறு வருடத்துக்கு முன்னரே பறங்கியன் வந்து எங்களைப் பாதி ருமேனியராக்கிவிட்டுப் போயிருக்கிறான், மிச்சப் பாதியை மட்டும் படித்தால் போதும் என்று ஒரு சொற்பொழிவே செய்தேன். மாணவர்களுக்குப் பிடித்துவிட்டது. மாஸ்ரரும் பொறுமையாக, “அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்பார். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குக் கைதட்டல் கிடைத்தால் அது மதுவைவிடக் கெடுதல்.

அவர் சொல்லித் தராத அந்தச் சொல்லை நானே தேடினேன். கைபேசியில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேடினேன். கிடைத்ததும் குளிக்காமல் கொள்ளாமல் வகுப்புக்குள் புகுந்து, அவர் கையிலிருந்த பேனையை வாங்கி, வெள்ளைப் பலகையில் எழுதினேன்: ‘ப்ளெக்கா.’

“பிள்ளையள், இதுதான் போறது. ருமேனியர் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுற சொல். ‘ப்ளெக்’ எண்டா நான் போறன். இதின்ரை பூர்வீகம் தெரியுமோ? மடிக்கிறது.”

மாஸ்ரர் என்னைப் பார்த்தார்.

நான் நிறுத்தவில்லை. இலத்தீனில் ‘ப்ளிக்காரே’ என்றால் மடி என்று பொருள். ரோமாபுரிப் படைகள் அந்தப் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கின. கூடாரத்தை மடித்தால் புறப்பாடு. ஆகவே தரைக்காரரான ருமேனியருக்கு ‘மடி’ என்பதே ‘போ’ என்று ஆகிவிட்டது. அதே சொல் போர்த்துக்கேயரிடம் போனது. அவர்கள் கப்பற்காரர். கப்பற்காரன் பாயை எப்போது மடிப்பான்? கரைக்கு வந்தபிறகு. ஆகவே அங்கே ‘மடி’ என்பது ‘வந்து சேர்’ என்று ஆகிவிட்டது. ‘ஷெகார்.’ அறிஞர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் இதுவே சரி என்று முடித்தேன்.

கைதட்டினார்கள். மச்சான் விசில் அடித்தான்.

மாஸ்ரர் மெதுவாகக் கேட்டார்: “ஒரே சொல்லோ அண்ணை? போறதும் அதுதான், போய்ச் சேருறதும் அதுதானோ?”

“ஓம் தம்பி. அதுதானே விசேஷம்.”

“அப்ப ஒரு ஆள் போனானோ, போய்ச் சேர்ந்தானோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“அது, மடிக்கிறது கடலிலையோ தரையிலையோ எண்டு பாக்க வேணும்.”

“தரையிலை,” என்றார்.

என்னிடம் கேட்பதாகத் தெரியவில்லை. பலகையைக் கையாலேயே அழித்தார். உள்ளங்கை கறுப்பானது. அந்தக் கையோடு வெளியே போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குடை விரித்தபடி விறாந்தையிலேயே கிடந்தது.

அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மச்சானுக்கு விசா வந்துவிட்டது. மாத முடிவில் பயணம். பாரிசிலிருக்கிற பெரியப்பா மகனோடு அவன் கிணற்றடியில் நின்று குரலைத் தாழ்த்திக் கதைப்பதை மனைவி கேட்டிருந்தாள்.

“லொறி எண்டு ஏதோ கதைக்கிறான்,” என்றாள் என்னிடம். “கேட்டா, அக்கா அது மாபிள் ஏத்துற லொறி எண்டுறான். நீங்கள் ஒருக்கா மாஸ்ரரைப் பிடிச்சுக் கேளுங்கோ. அங்கை இருந்தவர். அவர் சொன்னா இவன் கேப்பான்.”

கொழும்புத்துறையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. இறங்குதுறையடியில், பின்னேர வெயிலில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கக்கூடாதென்றுதான் அப்படி இருந்தார் என்று பிறகு விளங்கியது.

“கோவமோ தம்பி?” என்றேன்.

“உங்களிலை என்ன கோவம். நான் மடிக்கிறதையும் அந்தச் சொல்லையும் வேறை வேறையா வைச்சிருந்தனான். நீங்கள் வந்து ரண்டும் ஒண்டு எண்டு எழுதிப்போட்டியள்.”

பிறகு சொன்னார். கட்டட வேலைக்குத்தான் போனாராம். அந்தக் கொம்பனி மூடப்பட்டுவிட்டது. எல்லைக்குக் கிட்ட ஒரு லொறித் தரிப்பிடத்தில் ஒருவர் வேலை கொடுத்தார். லொறியின் பின்பக்கத்தை மூடுகிற படங்குத் துணியை இழுத்து, ஓரத்தை மடித்து, வார் போட்டு இறுக்குகிற வேலை.

“ஆக்களை ஏத்திறது வேறை ஆள். ஓட்டுறது வேறை ஆள். நான் மடிக்கிறது மட்டும். மடிச்சுப்போட்டு லொறியிலை தட்டி, அந்தச் சொல்லைச் சொல்ல வேணும். நீங்கள் எழுதின சொல். சொன்னா லொறி வெளிக்கிடும்.”

“உள்ளுக்கு ஆக்கள் இருக்கிறது தெரியுமோ?”

“தெரியும். கதைக்கிறது கேக்கும். விளங்காத பாசையள். விளங்காதபடியா ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளலாம். நித்திரையும் வந்தது அண்ணை. கொஞ்சக் காலம்.”

வலை உதறுகிற சத்தம் நின்றது. அவர் அதற்கும் காத்திருந்து, பிறகு தொடர்ந்தார்.

“ஒருநாள் காலமை, வாய்க்குள்ளை ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மடிக்கிறன். தமிழ்ப் பாட்டு. உள்ளுக்கிருந்து ஒருத்தன் கேட்டிருக்க வேணும். ‘அண்ணை, கொஞ்சம் இடம் விடுங்கோ, மூச்சு விடேலாமல் கிடக்கு’ எண்டான். எங்கடை பொடியன். எங்கடை பேச்சு.”

“விட்டீரோ?”

“மடிச்சனான்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “கை பழகிப்போச்சு. கை மடிச்சு முடிஞ்ச பிறகுதான் காது கேட்டது. வாரும் போட்டாச்சு. பக்கத்திலை நிண்டவன் பாத்துக்கொண்டு நிக்கிறான். தட்டினன். சொன்னன். லொறி வெளிக்கிட்டுது.”

“பேந்து?”

“பேந்து ஒண்டும் இல்லை. அதுதான் அண்ணை. ஒரு செய்தியும் இல்லை. அவன் போய்ச் சேர்ந்து, இப்ப பாரிசிலை கடை வைச்சிருக்கக்கூடும். இல்லாட்டில் இல்லை. போற ஆக்கள் முதல் பாசை படிக்க வருவினம், அவையின்ரை வீட்டுக்காரர் வருவினம். ஆராவது ஒருத்தர் சொல்லக்கூடும். இல்லாட்டில் அந்தக் குரல் மாதிரி ஒரு குரல், ஒரு தமையன் தம்பியின்ரை குரல் வரக்கூடும். அதுக்குத்தான் வகுப்பு.”

எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. அதே நேரத்தில், வெட்கமில்லாமல், ஒரு யோசனையும் வந்தது. கதை கேட்டால் மனிதன் மாறுவான் என்று நம்புவது எழுதுகிறவனுக்கு வருகிற தொழில் நோய்.

“தம்பி, இதை அப்பிடியே வந்து வகுப்பிலை சொல்லும். என்ரை மச்சான் போகப்போறான். ரண்டு பெட்டைக் குஞ்சுகள். நான் சொன்னா பகிடி எண்டு சிரிப்பான். நீர் சொன்னா நிப்பான்.”

“சொன்னா நிப்பினமோ?” என்று ஒரு முறை கேட்டார்.

“மனிசன் எண்டா நிப்பான்,” என்றேன். 

வந்தார். வெள்ளிக்கிழமை. ஹோல் நிரம்பியிருந்தது. மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றவள் நின்றபடியே நின்றுவிட்டாள். அவர் இருந்துகொண்டு, குரலை உயர்த்தாமல், எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னார். அந்த வசனத்தைச் சொல்லும்போது ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். தாங்கள் எல்லோரும் அந்த ஹோலில் வைத்து, தங்கள் வாயாலே, அதைச் சொல்லிக் காட்டியவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தையல்காரப் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போகாதேங்கோ,” என்று முடித்தார். “ருமேனியாவிலை இருங்கோ. வேலை செய்யுங்கோ. அங்காலை போகாதேங்கோ.”

நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. மனைவி என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

மச்சான் எழும்பினான்.

“சேர், குறை நினையாதேங்கோ. ஒண்டு கேக்கிறன். அந்தப் பொடியன் எந்த மூலையிலை இருந்தவன்?”

மாஸ்ரருக்கு முதலில் விளங்கவில்லை. “பின்னுக்கு. இடக்கைப் பக்கம்.”

“அப்ப முன்னுக்குப் போய் இருந்தா?”

“தம்பி, நான் போக வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்.”

“விளங்குது சேர். போகாட்டில் நல்லதுதான். போனால்?”

“டேய்,” என்றாள் மனைவி கதவடியிலிருந்து. அவன் திரும்பவில்லை.

இப்போது மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். எந்தப் பக்கம் காற்று வரும். உள்ளிருந்து தட்டினால் சாரதிக்குக் கேட்குமா. தடித்த உடுப்பு நல்லதா, மெல்லியதா. தையல்காரப் பிள்ளை வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: “எவ்வளவு நேரம் சேர் ஓடும்?”

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் தெரியாமல் போவார்கள். சொன்னால் தெரிந்துகொண்டு போவார்கள். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியதைப் பார்த்தேன்.

பிறகு எழும்பினார். கதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்து, ஹோலின் நடுவில் நீளமாக இரண்டு வரிசை வைத்தார். அகலத்தை எட்டு வைத்துப் பார்த்து, ஒரு வரிசையை இன்னும் உள்ளுக்குத் தள்ளினார். எங்கள் ஹோல் அவ்வளவு ஒடுக்கமாகும் என்று நான் நினைத்ததே இல்லை.

“இதுக்குள்ளை வாங்கோ,” என்றார். “இது சாரதிப் பக்கம். இது பின் பக்கம். இங்கை பலகை, இவ்வளவு உயரம். அதுக்கு மேலை படங்கு.”

நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றார்கள். பிறகு அவர் சொல்லாமலே குந்தினார்கள்.

“பின்னுக்கு இருக்கிற ஆள் கவனமாக் கேளுங்கோ. வார் கொழுவுற வளையத்துக்குக் கீழை, பலகையும் இரும்பும் சேருற இடத்திலை, ஒரு விரல் போற ஓட்டை ஒண்டு இருக்கும். மடிக்கிறவன் அதைக் கவனிக்கமாட்டான். படங்கு அதை மூடாது. காத்து வேணுமெண்டா அதிலை வாயை வையுங்கோ.”

விரலை நீட்டி, வெறும் காற்றில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் கழுத்தை வளைத்து, எங்கள் ஹோலின் நடுவில் இல்லாத அந்த ஓட்டையைப் பார்த்தார்கள்.

மச்சான் குந்தியிருந்தபடியே தரையில் கையை ஊன்றி, மாபிள் பதிக்கச் சுவரை அளக்கிறமாதிரி, சாண் சாணாக மேலே அளந்துகொண்டு வந்தான். அவர் விரலடியில் வந்ததும் நிறுத்தினான்.

“இதிலையோ, இன்னும் மேலையோ? சரியாச் சொல்லுங்கோ சேர்,” என்றான். “இருட்டிலை தடவித் தேட வேணுமெல்லே.”